முப்பத்தோராம் பக்கம்

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் இளையோர் வழிகாட்டிகளுக்கான பயிற்சி நடந்தது. அழைக்கப்பட்டவர்கள் நாற்பது பேர். வந்தவர்கள் ஒன்பது பேர்.

அந்த ஒன்பதில் இருவர் மைக் செட்காரர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பேசப் பேசக் குறிப்பெடுத்த ஒரே ஆளும் அவர்களில் ஒருவர்தான். அடுத்த கல்யாணத்துக்கு எத்தனை ஸ்பீக்கர் வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாராம்.

பயிற்சியாளர் நான். தலைப்பு: நகரத்து இளைஞர்களுக்கு ஊக்கம் தருவது எப்படி. ஸ்லைடுகள் ஐம்பத்திரண்டு. ஒரு நாளிதழில் இருபத்தெட்டு வருடம் நிருபராக இருந்து, ஊரார் பேசியதையெல்லாம் எழுதி ஓய்வு பெற்றவன். இனி நான் பேசலாம், ஊரார் எழுதிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இதே தலைப்பில் அறுபத்து நான்கு பக்கக் கையேடு ஒன்றும் எழுதி ஐந்நூறு பிரதி அச்சடித்தேன். நானூற்றுச் சொச்சம் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கட்டில் இப்போது ஆடுவதில்லை.

அந்த மாதம் பங்குத்தந்தை எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். வெளியூரிலிருந்து சேலத்துக் கடைகளுக்கும் லாரி ஆபீசுகளுக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எங்கள் பங்கில் ஐந்து இளையோர் குழுக்கள் இருந்தன. எதை வைப்பது, எதை மூடுவது என்று நான் அறிக்கை தரவேண்டும்.

"தோமினிக் சார், நீங்க பத்திரிகைக்காரர். கறாரா எழுதுங்க" என்றார்.

நிகழ்ச்சிக்கு முதல் நாளே செய்தியை எழுதி வைப்பது என் தொழிலில் பழக்கம். அறிக்கையையும் அப்படியே எழுதி வைத்திருந்தேன். மூடவேண்டியது புது பஸ் ஸ்டாண்டுக் குழு என்று பங்குத்தந்தையிடம் வாய்மொழியாகச் சொல்லியும் விட்டேன். பதிவேட்டின்படி ஜனவரியில் இருபத்து மூன்று பேர், மார்ச்சில் நால்வர், மே மாதம் ஒருவரும் இல்லை. அவர்கள் கூடும் அறையைப் பாத்திரங்கள் வைக்கத் திருவிழா நடத்துபவர்கள் கேட்டிருந்தார்கள். பாத்திரங்களாவது ஒழுங்காக இருக்கும் என்று எழுதியிருந்தேன். எழுதியபோது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் குழுவின் வழிகாட்டி அக்சிலியா, அன்று பயிற்சி முடிந்து மைக் ஒயரைச் சுருட்டும்போது வந்து நின்றாள். அயோத்தியாப்பட்டணத்துப் பெண், வயது இருபத்தாறு. ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கடைச் சீருடைச் சேலையிலேயே வந்திருந்தாள்.

"வகுப்பு முடிஞ்சிருச்சா சார்? சாப்பாட்டு நேரத்துலதான் விட்டாங்க."

"ஊக்கம் தர்ற பகுதி போயிருச்சேம்மா. இனி செபம்தான் பாக்கி."

"ஞாயித்துக்கிழமை வெச்சா நாங்க எப்படி சார் வருவோம்? கடையில கால் வைக்க எடமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "குழுவ மூடப் போறீங்கன்னு ஃபாதர் சொன்னாரு."

"ரெஜிஸ்டர்ல ஆளே இல்லையேம்மா."

"ரெஜிஸ்டர் ரூம்ல இருக்குது சார். நாங்க ரூம்ல இல்ல. புதன்கிழமை காலையில ஆறரைக்கு, பஸ் ஸ்டாண்டு பின்னாடி கரீம் பாஷா டீக்கடைக்கு வாங்க. பாத்துட்டு எழுதுங்க."

"இதுல உனக்கு என்னம்மா நஷ்டம்? வேற குழுவுல சேந்துக்கலாமே."

"எனக்கு ஒண்ணுமில்ல. கடை ஹாஸ்டல்ல ஏழு பொண்ணுங்க இருக்காங்க. பங்கு லெட்டர் இருக்கறதாலதான் வார்டன் புதன்கிழமை காலையில வெளிய விடறாங்க. குழு இல்லன்னா லெட்டர் இல்ல. அதுங்களுக்கு அந்த முக்கா மணி நேரமும் போயிரும்."

புதன்கிழமை போனேன். கையில் குறிப்பேடு, பையில் எழுதி முடித்த அறிக்கை. டீக்கடை முன்னால் பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் வந்தது.

"உக்காருங்க சார்" என்றார் கடைக்காரர் கரீம் பாஷா. "நீங்கதான் இன்ஸ்பெக்சனா? டீ நல்லாருந்தா அதையும் எழுதுங்க."

கூட்டம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த வாரம் தனக்கு எது சரியாக நடக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மற்றவர்கள் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்கள். அக்சிலியா "ம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. நான் நான்கு நிமிடம் பொறுத்தேன்.

தீபிகா என்ற விடுதிப் பெண், பகல் முழுக்க நின்றே இருப்பதால் சாயங்காலம் கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, நாளைக்கு டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்றாள்.

"கடையில வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சேர் குடுக்கணும்னு சட்டமே இருக்கும்மா" என்றேன்.

"தெரியும் சார். சேர் போட்டிருக்காங்க. அதுமேல துணி அடுக்கியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். தீபிகாவும் சிரித்தாள். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். எழுந்து நின்று, "ரெண்டு வார்த்தை சொல்றேன்" என்றேன்.

சங்ககிரியிலிருந்து வந்து லாரி புக்கிங் ஆபீசில் வேலை செய்யும் பிரான்சிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஏனுங்க, ரெண்டு வார்த்தைக்கு எத்தன நேரமாகுமுங்க? ஏழரைக்கு எனக்கு லோடு வந்துருமுங்க."

"சுருக்கமா முடிச்சிடறேன் தம்பி."

"மெதுவா சொல்லுங்க. நாங் கெளம்பிப் போறனுங்க, நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டே இருங்க."

எட்டு நிமிடம் பேசினேன். நேரத்தைப் பிரான்சிஸ்தான் அறிவித்தான். கரீம் பாஷா என் கிளாசை எடுத்துப் பார்த்து, "ஊக்கமெல்லாம் நல்லாதான் இருந்துச்சு சார், டீதான் ஆறிப்போச்சு" என்று வேறு டீ கொடுத்தார்.

நான் உட்கார்ந்ததும் அக்சிலியா தீபிகாவிடம், "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். தீபிகா தலையாட்டினாள். ஒருவன் செல்போனைப் பார்த்துத் திருப்பாடல் ஒன்றிலிருந்து நான்கு வரி வாசித்தான். பிறகு கர்த்தர் கற்பித்த செபம் ஒருமுறை. ஏழேகாலுக்கு அந்த இடத்தில் டீ கிளாஸ்கள்தான் இருந்தன.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

அவள் பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்தாள். என் கையேடு. முப்பத்தோராம் பக்கத்தில் பென்சில் கோடு: "அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போ. அவர்களுக்குத் தோதான நேரத்தில் போ. முதல் இருபது நிமிடம் வாயைத் திறக்காதே."

"மார்ச்லதான் சார் படிச்சேன். அப்புறந்தான் ரூம்ல கூடறத விட்டோம்."

அந்த வரிகளை எழுதியது எனக்கு நினைவில்லை. மண்டபத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

"நீங்க எழுதினதுதானே சார்?"

"ஆமாம்மா" என்றேன், அந்தப் பக்கத்தின்படி நடந்தவனைப் போல.

பையில் இருந்த அறிக்கையின்படி, என் புத்தகத்தை நம்பி நடந்த ஒரே குழுவை நான் மூடச் சொல்லியிருந்தேன். பாத்திரங்களைப் பற்றிய வரியை அடிக்க மனம் வரவில்லை. அடித்தேன்.

புதிய அறிக்கையைப் படித்த பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றினார். "மண்டபத்துக்கு வராத குழுவை எப்படிக் குழுன்னு வெச்சிக்கிறது? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"என் புத்தகத்துலதான் ஃபாதர். முப்பத்தோராம் பக்கம்."

"அப்படியா? நான் இன்னும் படிக்கலையே."

"நானும்தான் ஃபாதர்."

அவர் சிரித்து முடிக்கக் காத்திருந்து, விடுதி வார்டனுக்குப் பங்கு கொடுத்திருந்த கடிதத்தின் நகலை முன்னால் வைத்தேன். அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஏழு பேரா?" என்று கேட்டார். ஏழு பேர் என்றேன். பேனாவைத் தேடினார்.

ஜூலை 1 அன்று விடுதிக் கடிதம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. அறையில் பாத்திரங்கள் வைக்கப்பட்டன. அடுத்த பயிற்சி புதன்கிழமை காலை ஆறரைக்கு டீக்கடையில் நடந்தது, நடத்தியவர் அக்சிலியா. பத்தொன்பது பேர் வந்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஏழு நிமிடம் பேசினேன்.