எழுநூற்று இருபது தையல்

மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டில் தானாக மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மாடியில் என் எம்பிராய்டரி மெஷின் குழந்தைப் பனியன்களில் மஞ்சள் வாத்து போட்டுக்கொண்டிருக்க, அந்த அதிர்வு தளத்தின் வழியே கொக்கிக்கு இறங்கி, சேலை வழியே என் மூன்று மாத மகளைத் தாலாட்டியது. சம்பளம் கேட்காத ஆயா ராயபுரத்திலேயே எனக்கு மட்டும்தான் வாய்த்தாள் என்று பெருமையாக இருந்தது.

காலையில்தான் சண்டை. கொக்கியைச் சுற்றி மயிரிழைபோல ஒரு விரிசலைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னாள் என் மனைவி ஜெயபாரதி. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பிரசவ விடுப்பில் இருக்கிறாள். சனிக்கிழமை சரக்கு கப்பலேற வேண்டும் என்றேன் நான். நிமிடத்துக்கு எண்ணூற்றைம்பது தையல் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதைக் கேட்டபடி கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. மேலே போய் எழுநூற்று இருபதாகக் குறைத்துவிட்டு வந்து, இருவருக்கும் நஷ்டமில்லாமல் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த நடுக்கம். குழந்தை உறக்கத்தில் சிரித்தாள். மேசைமேல் ஒரு டம்ளர், எந்த அவசரமும் இல்லாமல், ஓரத்தை நோக்கி நடந்துபோனது. வீடு தண்ணீரில் மிதப்பதுபோல எனக்கும் கண் செருகியது.

ஜெயபாரதி ஈரத்தலையோடு வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். பிள்ளையை வாரி மார்பில் போட்டுக்கொண்டாள்.

"வேகத்தக் கொறச்சீங்களா?"

"ஆமா புள்ள. நீ சொன்னதுக்கோசரந்தான்."

குறைப்பதால் எல்லாம் அடங்கிவிடாது என்றாள். ஒவ்வொரு தளத்துக்கும் அதற்கே உரிய ஓர் ஆட்டம் உண்டாம். நான் இறக்கி இறக்கி மெஷினைச் சரியாக அதில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேனாம். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் ஒரு தொங்குபாலம். சிப்பாய்கள் ஒரே சீராகக் கால் போட்டு நடக்க, அவர்கள் கால்களின் தாளமும் பாலத்தின் ஆட்டமும் ஒன்றாகிவிட்டன.

"ஆடறது அவங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க. சீட்டியடிச்சுக்கிட்டு இன்னும் ஓங்கி மிதிச்சாங்க. கடைசில ஒரே ஒரு போல்ட்டுதான் விட்டுச்சு. பாலமே சரிஞ்சு ஆத்துல விழுந்துச்சு."

அண்ணாந்தேன். கொக்கியைச் சுற்றிலும் சுண்ணாம்பு, சலித்த மாவுபோல, வெயிலில் மின்னிக்கொண்டே இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அப்ப மறுபடியும் எண்ணூத்தம்பது வெச்சுக்கட்டுமா?"

பிள்ளையோடு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

மாடியேறினேன். மெஷினில் வீரணன் நின்றிருந்தான். உசிலம்பட்டிக்காரன், என்னிடம் நாலு வருஷமாக ஓட்டுகிறவன்.

"என்னண்ணே, கூட்டவா, கொறைக்கவா?"

தரையில் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தேன்.

"நிறுத்துப்பா."

"பாதி வாத்துல நிக்குமேண்ணே."

"நிக்கட்டும்."

நின்றது. பனியன்களில் கழுத்து வரைக்கும் வந்திருந்த வாத்துகள் அப்படியே நின்றன. ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தேன். என் மெஷின் நின்ற பிறகும் கம்பி உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியிலும் அடுத்த மாடியிலும் ஓடும் மெஷின்களுக்கு மேல் விளக்குகள் எரிந்தன. கீழே, வெயில் கொதிக்கும் நடுத்தெருவில், விழித்துவிட்ட பிள்ளையைத் தோளில் தட்டியபடி ஜெயபாரதி ஒவ்வொரு வீடாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.