எல்லாரும் தேறிய தேர்வு

எங்கள் இனத்தாருக்கு மட்டும் இலவச வயரிங் பயிற்சி. மதியச் சாப்பாடும் உண்டு, சான்றிதழும் உண்டு. "சும்மா கொடுக்கிறவன் கையை முதல்ல பாரு" என்பாள் என் மனைவி.

குளியலறை ஹீட்டர் சுவிட்சில் கை வைத்து அவள் இறந்தாள். அந்த வயரிங்கைச் செய்தவன் இதே பயிற்சியில் தேறிய முதல் அணிக்காரன். நல்லவன்தான். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான். இங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கவே நான் சேர்ந்தேன்.

மச்சினனும் சேர்ந்தான். தேறினால் எங்கள் புதுக் குடியிருப்பில் வயரிங் வேலை அவனுக்கு உறுதி.

கடைசி நாள் தேர்வு. ஆளுக்கொரு பலகை, அதில் ஃப்யூஸ், சுவிட்ச், பல்பு. வயரை இணைத்துவிட்டுச் சுவரோரம் போய்விட வேண்டும். மாஸ்டர் வாசலருகே மெயினைப் போடுவார். பல்பு எரிந்தால் தேர்ச்சி.

"யாரும் போர்டு கிட்ட வரக் கூடாது. கரண்டு, விளையாட்டில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் அணியில் ஒருவர்கூடத் தோற்கவில்லையாம்.

சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயரை நான் மாட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மெயினைப் போட்டார். எல்லாப் பல்புகளும் எரிந்தன. என்னுடையதும். பார்வையிட வந்த அதிகாரி கைதட்டினார்.

பையிலிருந்த வயரை மச்சினனிடம் காட்டினேன். அவன் முகம் மெல்ல மாறியது.

"மாமா, உங்க கால்ல விழறேன், வாயைத் திறக்காதீங்க. எல்லார் சோத்துலயும் மண்ணைப் போட்டுடாதீங்க."

"உங்க அக்காவைக் கொன்னது இந்தப் பல்புதான்டா."

"சொன்னா திரும்பி வந்துடுவாளா?"

நேரே போய் என் பலகையில் சுவிட்சை அணைத்தேன். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. போட்டேன். அணைத்தேன். பின்பக்கமாக வேறு லைன் வந்துகொண்டிருந்தது. கைதட்டல் நின்றது.

"அது... லூஸ் கனெக்‌ஷன்" என்றார் மாஸ்டர்.

"லூஸா இருந்தா எரியாதுன்னு நீங்கதானே மாஸ்டர் சொன்னீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

மச்சினன் தன் பலகைக்குப் போனான். சுவிட்சை அணைத்தான். அவன் பல்பும் அணையவில்லை. அவன் எந்த வயரையும் மாட்டாமல் விடவில்லை. முறுக்கி, டேப் சுற்றி, பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான்.

"மாமா, என்னுது சரியாத்தானே இருந்துச்சு?"

குனிந்து பார்த்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதே மாஸ்டர்தான்.

"தெரியலடா" என்றேன்.