கொப்பளி

காற்றில் படத்தாங்கி சாய்ந்துவிடாமலிருக்க, கற்கள் நிரப்பிய பையை அதன் கால்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டு பெர்னா நிமிர்ந்தபோது, நாலடி தள்ளி நின்ற கார்லீன் அதற்குள் வானத்தை வரைந்து முடித்துவிட்டுப் பாறைக்கு வந்திருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்றுதான் பெர்னா நினைத்திருந்தாள். ஆனாலும் வண்ணங்களைப் பிதுக்கிக்கொண்டே, தொப்பி விளிம்புக்கு அடியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். பார்த்ததும் வயிறு எரிந்தது. எதிரே காலை வெயில் முழுக்க வாங்கிக்கொண்டு நின்ற சிவப்புப் பாறைச் சுவரையும், அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஓடிய பிளவையும், பிளவுக்குள் கிடந்த ஊதா நிழலையும் கார்லீன் பத்துப் பன்னிரண்டு தீற்றலில் பிடித்துப் போட்டிருந்தாள். பெர்னா இன்னும் பச்சை டியூபின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய பாறை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறந்தது இந்தச் சாமா ஆற்றுப் பள்ளத்தாக்கில். வரையத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாறையைத்தான் வரைகிறாள், பனியில், புழுதிக்காற்றில், தரைக்கு வருவதற்குள் காய்ந்துபோகும் மழை அதன்மேல் தொங்கும் மாலைகளில். கார்லீன் எங்கிருந்தோ டெக்ஸஸிலிருந்து வந்தவள். அங்கே பல் ஆஸ்பத்திரியில் ஊரார் பல்லையெல்லாம் சுரண்டிக்கொண்டிருந்தாள். விவாகரத்து ஆனதும் வேலையை விட்டுவிட்டு, பொழுதுபோக்குக்கு என்று தூரிகை வாங்கினாள். ஆரம்பத்தில் அவள் வரைந்த மலைகள் வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. அந்த நாட்களில் பெர்னாவுக்கு அவள்மேல் கொள்ளை அன்பு. எங்கே வெயில் நன்றாக விழும், எந்த மேட்டில் காற்று குறைவு என்று கூடவே கூட்டிக்கொண்டு அலைந்தாள். உருளைக்கிழங்குகள் எப்போது மலைகளாயின என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வசந்தத்தில் திரும்பிப் பார்த்தபோது ஆகியிருந்தன.

அவர்களுக்குள் ஒரு வார்த்தை இருந்தது. வெட்டவெளியில் வரைகிறவர்களுக்கு, கையில் தூரிகை இருக்கும்வரை நிறுத்தத் தெரியாது. படம் ஏதோ ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அது வரைகிறவளுக்கு மட்டும் தெரியாது. அவள் பாட்டுக்கு இன்னும் ஒரு புதர், இன்னும் ஒரு கல் என்று அப்பிக்கொண்டே போய், அழகாக வந்ததைச் சேறாக்கிவிடுவாள். அதனால் பக்கத்தில் இருப்பவள் அந்த நிமிஷத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல்முறை பெர்னாவின் படத்துக்கு கார்லீன் அப்படிச் சொல்ல வந்தபோது, பழைய வேலைப் பழக்கத்தில் வாய் தவறி, "அவ்ளோதான், கொப்பளிங்க" என்றுவிட்டாள். இருவரும் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அதுதான் வார்த்தை. கொப்பளி என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மற்றவள் மறுபேச்சில்லாமல் தூரிகையை, அதைக் கழுவும் டர்பன்டைனில் போட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்பதில்லை.

"என்னடி, இன்னிக்கு உம்முனு இருக்கே?" என்றாள் கார்லீன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எலோய நெனச்சா?"

"அவன ஏன் நான் நெனைக்கணும்?"

"சாயங்காலம் படம் வாங்கிட்டுப் போக வரான்ல. எனக்கு நேத்துலேர்ந்து அதே நெனப்புதான்."

எலோயின் படக்கடை ஊருக்குள் தேவாலயத்துக்கு எதிரே இருந்தது. அக்டோபரில் வெளியூர்க்காரர்கள் வந்து மொய்க்கிற வாரத்துக்கு அவன் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரே ஒரு படம் வைப்பான். எத்தனையோ வருஷங்களாக அது பெர்னாவின் படம். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, பேச வேண்டியிருந்ததில்லை. கடைத்தெருவில் அந்த ஜன்னலைத் தாண்டும்போது ஊர்க்காரர்கள் அவளைப் பார்த்துத் தலையசைப்பார்கள், அவளும் பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல் தலையசைப்பாள். போன வாரம் எலோய் முகத்தைச் சொறிந்துகொண்டே, "இந்த வாட்டி ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு குடுங்களேன், பாப்போம்" என்றான். பார்க்கிறானாம். பார்ப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று அன்று இரவு முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

வெயில் ஏறியது. மஞ்சளாகப் பூத்துக் கிடந்த சமீசாப் புதர்களிலிருந்து ஒரு காரவாடை எழுந்தது. பெர்னா தன் பாறைச் சுவரை ஆரம்பித்து, துடைத்து, மறுபடி ஆரம்பித்தாள். சிவப்பு அதிகமாகிவிட்டது. துணியால் ஒற்றினாள். கண் மறுபடி அந்தப் பக்கம் போயிற்று, போனது அங்கேயே நின்றுவிட்டது.

கார்லீனின் படம் முடிந்திருந்தது. அந்த நிமிஷம் வந்துவிட்டிருந்தது. கீழே புதர்கள் வெறும் நாலு மஞ்சள் தீற்றல். நிழலுக்குள் எங்கோ ஒரு துளி நீலம், அது அங்கே இருப்பதே தெரியாது, ஆனால் அந்தப் பிளவுக்குள் கையை விட்டால் சில்லென்றிருக்கும் என்று தோன்றியது. பெர்னா இத்தனை வருஷம் அந்தப் பிளவை வரைந்திருக்கிறாள். அதற்குள் குளிர் இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், வெயில் காலத்தில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். அதை ஒருநாளும் வரைந்ததில்லை. இவள் எப்படி வரைந்தாள்? பல் சுரண்டியவள். எலோயின் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இந்தப் படம் நிற்பதையும், ஊர்க்காரர்கள் தலையசைக்காமல், பார்க்காததுபோல, தன்னைத் தாண்டிப் போவதையும் அவள் அப்படியே கண்டாள்.

கார்லீன் இரண்டடி பின்னால் வந்து நின்றாள். முடிந்துவிட்டதா என்று கேட்கக் கூடாது என்பது வழக்கம், அதனால் கேட்கவில்லை. தூரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

ஒரே ஒரு வார்த்தைதான். பெர்னாவின் வாய்க்குள் அது வந்தே விட்டது.

"அந்தப் பிளவு நிழல் வலது பக்கம் நகந்திருக்கு பாரு" என்றாள்.

அது பொய்யில்லை. நகர்ந்துதான் இருந்தது. வெயில் ஏற ஏற நிழல் நகரத்தான் செய்யும். ஓடும் நிழலைத் துரத்தாதே, முதலில் பிடித்ததை விடாதே என்பதுதான் திறந்தவெளியில் வரைகிறவர்கள் முதலில் கற்பது. கார்லீனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே பெர்னாதான். கார்லீன் பாறையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு பெர்னாவையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா, நகந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஊதாவைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு பெர்னா திரும்பவில்லை. வேகவேகமாக வரைந்தாள், எதை வரைகிறோம் என்று யோசிக்காமல். இப்போதாவது சொல்லிவிடலாம், இப்போதுகூடத் தாமதமில்லை என்று ஒவ்வொரு தீற்றலிலும் நினைத்தாள். பக்கத்தில் தூரிகை சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது. நிழலை நகர்த்தினால் வெளிச்சத்தை நகர்த்த வேண்டும், வெளிச்சத்தை நகர்த்தினால் புதர்களை. அந்தச் சத்தம் சற்று நேரத்தில் நின்றது. பிறகு கத்தியால் படப் பலகையைச் சுரண்டும் சத்தம் கேட்டது, நீளமாக, மேலிருந்து கீழ்வரை.

"போச்சுடி" என்றாள் கார்லீன். "சேறாயிடுச்சு. பல்லச் சுரண்டுன கைதானே, சுரண்டறது மட்டும் மறக்கல."

"இன்னொண்ணு போடலாமே. நேரமிருக்கு."

"இனிமே கை வராது, விடு. பசிக்குது."

பின்னால் நிறுத்தியிருந்த வண்டியின் பின்கதவை இறக்கி அவள் உட்காருவதும், பொட்டலத்தைப் பிரிப்பதும் கேட்டது. பச்சை மிளகாயும் முட்டையும் மணத்தன. கோபமாக ஏதாவது சொல்வாள் என்று பெர்னா காத்திருந்தாள். சொல்லியிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் செருப்பு சரளையில் உரசியது. கையில் பாதி தின்ற பரிட்டோ ரொட்டிச் சுருளோடு கார்லீன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். மென்றுகொண்டே வெகுநேரம் பார்த்தாள்.

பெர்னாவின் பலகையில் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட காலியாக இருந்தது. அடியில் பூசிய செம்மண் நிறம் அப்படியே தெரிந்தது. அதில் புதர்களை வைப்பதற்காக அப்போதுதான் தூரிகையில் மஞ்சளை நிறைய எடுத்திருந்தாள்.

"கொப்பளி" என்றாள் கார்லீன்.

பெர்னாவின் கை நின்றது. மேலே பாறை, கீழே வெறும் மண். ஒன்றுமே போடாத அந்த இடம் இப்போது ஒரு விதமாகப் பார்த்தால் வெயிலில் தகிக்கும் தரை மாதிரி இருந்தது. இன்னொரு விதமாகப் பார்த்தால் பாதியில் கைவிட்ட படம் மாதிரி இருந்தது. இது அவள் வரைந்ததிலேயே நல்ல படமாக இருக்கலாம். இதைப் பார்த்து எலோய் முகத்தைச் சொறியவும் சொறியலாம். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி கார்லீனின் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு மிளகாய்த் தோல் ஒட்டியிருந்தது. எப்போதும் இருக்கிற முகம்தான்.

"நெஜமாவா சொல்றே?"

கார்லீன் மெல்லுவதை நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் இருவரில் யாரும் கேட்டிராத கேள்வி அது. காற்று அவள் கையிலிருந்த பொட்டலக் காகிதத்தைப் படபடக்க வைத்தது.

"ஏன் கேக்குறே?" என்றாள் மெதுவாக.

பெர்னாவிடம் அதற்குப் பதில் இருந்தது. அவள் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மஞ்சள் கனத்த தூரிகை, அந்த வெறும் மண்ணுக்கு ஒரு விரற்கடை முன்னால், தொடாமலும் விலகாமலும் நின்றது. அதன் நிழல் மட்டும் படத்தின்மேல் விழுந்து, மெல்ல வலது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.