தாடையில் ஒரு விரல்

“விஷத்துலயும் கலப்படமா டாக்டர்? போன தடவை நாலு ஊசி போட்டீங்க. கழுத்து ஒரு இம்மிகூட நேராகலை.”

“மருந்துல தப்பு இல்லை சார். எந்தத் தசை இழுக்குதுன்னு தெரிஞ்சு போடணும்.”

கேட்டவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, ஓசி டிக்கெட்டில் நாடகம் பார்க்க வந்தவள்போலச் சாய்ந்திருந்தாள். ஒரு வருடமாக மாஸ்டரின் கழுத்து தானாக இடதுபக்கம் திருகிக்கொள்கிறது. ‘இடப்பக்கக் கண்ணாடியை எப்படிப் பார்ப்பதென்று காட்டுகிறேன்’ என்று படிக்க வந்தவர்களிடம் சமாளித்தார். அதையும் நம்பிய ஜென்மங்கள் உண்டு. முதலாளி நம்பவில்லை. இந்த ஊசிக்கும் தலை நேராகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

நடிகைகள் சுருக்கம் போகப் போட்டுக்கொள்ளும் அதே விஷ மருந்துதான், தசையைத் தளர்த்துமாம். இவர் மூஞ்சிக்கு அது ஒன்றுதான் குறைச்சல் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு உங்களுக்கு லேசாத்தான் திரும்புச்சு. அதான் கொஞ்சமா போட்டேன்” என்றார் டாக்டர்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “லேசாவா? தாடையில ஒத்த விரலை வெச்சா அந்தத் திருகல் நின்னுடும் டாக்டர். இப்ப வெச்சிருக்காரே, அதே மாதிரி. பெரிய சிந்தனைச் செம்மல்னு நினைப்பு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏன் சார் மறைச்சீங்க?”

“மறைக்கலை. டாக்டர் முன்னாடி கோணலா உக்காந்தா மரியாதையா இருக்குமா?”

“மரியாதை!” என்றாள் அவள். “வண்டியை ஒர்க்‌ஷாப்புல விடறப்போ, மெக்கானிக் காதுல கேட்டுடக் கூடாதுன்னு எஞ்சினை அணைச்சுட்டா விடுவீங்க?”

மருந்தோடு நின்ற நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் சட்டைப் பொத்தான் போட இரண்டு கையும் தேவைப்பட, தலை வெடுக்கென்று திரும்பிக்கொண்டது. ‘கொத்த வர்ற சேவல் மாதிரியே இருக்கு’ என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் சட்டை மாற்றுகிறார். புதுப்பெண் கெட்டாள்!

“ரெண்டு கையும் தொடைமேல வைங்க சார்” என்றார் டாக்டர். “கழுத்து அது இஷ்டத்துக்குத் திரும்பட்டும், நான் பாக்கணும். இன்னைக்கும் தப்பான இடத்துல போட்டா, இனி மூணு மாசம் கழிச்சுத்தான் ஊசி.”

மூன்று மாதம் முதலாளி காத்திருக்க மாட்டார். அது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

மாஸ்டரின் இடது கை தொடைக்கு வந்தது. வலது கையின் விரல் தாடையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார். வண்டியில் அத்தனை பேரை அதட்டிய குரல் எங்கே போனதோ, பாதி காற்றாகத்தான் வந்தது.

“நீ கொஞ்சம் வெளிய போய் உக்காரேன்.”