கால் படாத இடம்

செங்கல்வராயன் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது.

பூந்தமல்லி கிளப்பின் டென்னிஸ் புல்தரையில், வேலிப்பக்க மூலையில், சுண்ணாம்புக் கோட்டின் ஓரமாக முறம் அளவுக்குப் புல் மஞ்சளாகிச் செத்துக் கிடந்தது. சாயங்காலம் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம். பட்டணத்துத் துரைமார்கள் மோட்டாரில் வரப்போகிறார்கள். செம்பரம்பாக்கத்து ஏரி வண்டல் கொட்டி அவன் வளர்த்த தரை. ஒரு மாதமாக அவனே பலகை போட்டு அதன்மேல்தான் நடந்தான்.

யாரோ உப்பு போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, தங்கவேல்தான். பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறவன். தன் மச்சானை இந்தப் புல்தரை வேலையில் வைக்கச் சொல்லி கிளப் பட்லரிடம் பல்லைக் காட்டியவன். நேற்றுகூட, "இன்னா அண்ணாத்தே, புல்லுக்குத் தாலாட்டு பாடினியா?" என்று சிரித்தானே, அந்தச் சிரிப்பே சரியில்லை. யோசித்தால், அவன் வண்டிமாடுகூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

செக்ரடரி துரை குச்சியால் மஞ்சளைக் குத்தி, யார் வேலை என்று கேட்டார். பதில் இல்லாவிட்டால் தன் சீட்டு கிழியும். பீப்பாய் வண்டியருகே நின்ற தங்கவேலை நோக்கிச் செங்கல்வராயன் கையை நீட்டினான்.

"நானா? காலைல என் பீப்பாத் தண்ணியத்தானே நீ குடிச்சே. உப்பு கரிச்சுதா?" என்றான் தங்கவேல்.

கரிக்கவில்லைதான். ஆனாலும் செங்கல்வராயன் நீட்டிய கையை மடக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தங்கவேலைத் துரத்திவிடச் சொல்கிறார் துரை என்று பட்லர் தமிழில் சொன்னான்.

உச்சிவேளையில் கூழ் கொண்டுவந்த பெண்சாதி வேம்புலியம்மாள் விஷயத்தைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உப்பா? அது நான் ஊத்தினதுய்யா."

"இன்னாது?"

"உம்மேல ஊர்க்கண்ணு அவ்ளோ கீது. வெள்ளிக்கெழமைன்னா நீ தூங்கசொல்ல உப்பு சுத்தித் தண்ணில கரைக்கிறேன். அதைக் கால் படாத எடத்துலதானே ஊத்தணும்? இந்த ஊர்லயே கால் படாத எடம் இது ஒண்ணுதான்னு நீதானே பீத்திக்கினே! நான் உள்ள வரலப்பா, வேலியாண்ட நின்னுதான் வீசினேன்."

அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். வராந்தாவில் பட்லர் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த தம்ளரையே மறுபடி ஏன் துடைக்கிறான்? காதில் விழுந்திருக்குமோ?

சாயங்காலம், ஆட்டத்தின் நடுவே, பந்து மஞ்சளில் விழுந்தது. எழும்பவில்லை. நாற்காலிகளில் "ச்சு" என்று ஒரு சத்தம். துரை தங்கவேலைப் பார்த்தார். தங்கவேல் வேறு யாரையும் பார்க்கவில்லை, செங்கல்வராயனையே பார்த்தான்.

செங்கல்வராயன் வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பினான். அங்கே கூட்டத்துக்குப் பின்னால், அவனைக் குறிவைத்து, வேம்புலியம்மாளின் மூடிய கை காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. வியர்வையில் கரைந்த உப்பு விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.