இரண்டு நாட்டுச் சாவு

நர்மதா அழவில்லை என்பதுதான் ஊருக்கே பேச்சாக இருந்தது. புருஷன் செத்த சேதி வந்து இத்தனை நாளாகிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே, கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அட போங்கள், அவளுக்குள் என்ன கிடந்தது என்று இவர்களுக்கென்ன தெரியும்? ஒன்றுமே கிடக்கவில்லை, அதுதான் நிஜம். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, உடம்பு மொத்தமும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. மிச்சமிருந்தது ஒரே எண்ணம்: அவர் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அவள் புருஷன் தமிழரசு நாமக்கல்லில் டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். சம்பளம் நன்றாக வரும் என்று ருமேனியாவுக்குப் போனான். அங்கே ஒரு லாரிக் கம்பெனியில் வேலை. அந்த நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டில் சரக்கு ஏற்றி, அல்பேனியாவின் துரேஸ் துறைமுகம்வரை ஓட்ட வேண்டும். துரேசுக்குக் கொஞ்சம் முன்னால் அக்ரோன் என்கிற அல்பேனியாக்காரரின் காப்பிக் கடையில்தான் எப்போதும் வண்டியை நிறுத்துவான். அன்றைக்கும் நிறுத்தினான். காப்பியைக் குடித்தான், நெஞ்சைப் பிடித்தான், கடை வாசலிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று.

செத்தது ஒரு நாட்டில், வேலை பார்த்தது இன்னொரு நாட்டில். அல்பேனியா ஆஸ்பத்திரி கொடுத்த சாவுக் காகிதத்தை ருமேனியாவில் அவர்கள் பாஷைக்கு மாற்றி முத்திரை குத்த வேண்டுமாம். அந்த முத்திரை சரிதான் என்று மறுபடி அல்பேனியாவில் ஒருத்தர் முத்திரை குத்த வேண்டுமாம்.

"ரெண்டு நாட்டுக்கும் ஒறவு நல்லாத்தானுங்க இருக்குது, கொஞ்சம் டைம் ஆகும்" என்றார் ஆள் அனுப்பிய ஏஜென்ட். உறவு நன்றாக இருந்து என்ன புண்ணியம்? பிணப்பெட்டி நகரவில்லையே!

இதையெல்லாம் நர்மதாவுக்கு விளக்கிச் சொன்னது பக்கத்து வீட்டு தீபிகா. இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள். அக்ரோனும், கம்பெனி ஆபீசில் இருக்கும் மிரேலா என்ற ருமேனியாக்காரியும் தீபிகாவின் செல்போனுக்குத்தான் வீடியோவில் வருவார்கள்.

இதற்கு நடுவில் கொழுந்தன் சந்தோஷ்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபமும் பிடித்திருந்தார்கள். அண்ணனுக்குக் கருமாதி ஆகாமல் தம்பிக்குப் பந்தக்கால் நட முடியுமா? மாமனார் அர்த்தநாரி வந்து நின்றார்.

"ஏம்மா நர்மதா, பொட்டி எப்ப வருமுன்னு ஒருத்தனுஞ் சொல்ல மாட்டீங்கறான். வைக்கப்புல்லுல உருவஞ் செஞ்சு கொள்ளி வெச்சுக் காரியத்த முடிச்சுப்போடலாமா சாமி?"

"சரிங்க மாமா."

எதைக் கேட்டாலும் அவள் அந்த நாட்களில் அதைத்தான் சொன்னாள். சாப்பிடறயா, சரிங்க. படுக்கறயா, சரிங்க. வைக்கோலுக்குத் தமிழரசுவின் நீலச் சட்டையை மாட்டி, வேட்டி கட்டி, வாசலில் கிடத்தினார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். காலருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வைக்கோலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலியைக் கழற்றினார்கள். கழுத்தில் கனம் குறைந்தது, அவ்வளவுதான். பிறகு வைக்கோலைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள்.

விதியைப் பாருங்கள், கருமாதி முடிந்த மறுநாளே மிரேலா கூப்பிட்டாள். காகிதம் வந்துவிட்டது, இரண்டு அரசாங்கமும் முத்திரை குத்திவிட்டன, இனிப் பெட்டியை அனுப்பலாம். நர்மதா செல்போனுக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். அர்த்தநாரிக்கோ முகம் செத்துவிட்டது.

"ஒருக்கா கொள்ளி வெச்சாச்சு. இனி அந்த ஒடம்பு ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது. வந்தா நேரா சுடுகாட்டுக்குத்தான்."

"நான் ஒருக்கா மொகத்தப் பாக்கோணுமுங்க மாமா."

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வார பழக்கம் நம்மள்ள இல்லியே சாமி" என்றவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு மகனைப் பறிகொடுத்துவிட்டு இன்னொரு மகனுக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

தீபிகா அடக்கமாட்டாமல் இதை மிரேலாவிடம் சொல்லிவிட்டாள். மிரேலா என்ன செய்தாள் தெரியுமா? வண்டியை எடுத்துக்கொண்டு அல்பேனியாவுக்கே போய்விட்டாள். அடுத்த தடவை வீடியோ வந்தபோது அவளும் அக்ரோனும் ஒரே திரையில் இருந்தார்கள். தன் வாசலில் உயிரைவிட்ட விருந்தாளி தன் வீட்டுச் சாவு என்றார் அக்ரோன். அங்கே வைக்க முடியாவிட்டால் இங்கே வையுங்கள், என் அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருக்குள்ளும் சண்டை மூண்டது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எங்கள் இஸ்லாத்தில் அதுதான் முறை என்று அவர் கையை வீசினார். எங்கள் கிறிஸ்தவ முறையில் கால் கிழக்கே இருக்க வேண்டும், மெழுகுவர்த்தி ஏற்றி, கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை போட்டு எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று அவள் மேசையைத் தட்டினாள். அரசாங்கங்கள் ஒத்துப்போன பிறகு இவர்கள் ஒத்துப்போகமாட்டேன் என்கிறார்களே! கடைசியில் அக்ரோன்தான் கையை இறக்கி ஏதோ சொன்னார். மிரேலா தலையாட்டினாள்.

"அக்கா, அவரு மொறையும் வேண்டாமாம், இவங்க மொறையும் வேண்டாமாம்" என்றாள் தீபிகா. "உங்க பக்கத்துல எப்படின்னு கேக்கறாங்க. தலைய எந்தத் திக்குல வெக்கறதாம்?"

சரிங்க என்று பதில் சொல்ல முடியாத கேள்வி. நர்மதா திரையைப் பார்த்தாள். இங்கே வந்தால் அவர் பூட்டிய பெட்டியோடு நேரே நெருப்புக்குப் போவார், அவள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். அங்கே அவரை எப்படிப் படுக்க வைப்பது என்று இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். நிலைப்படியில் மாமனார் நிற்பது தெரிந்தது. அவரிடம் அவள் கேட்கவில்லை.

"தெக்க தலை வெக்கச் சொல்லு."

"அப்ப இங்க கொண்டார வேண்டாமாக்கா?"

"வேண்டாம். மூடறதுக்கு முன்னால மொகத்த எனக்குக் காட்டச் சொல்லு. மொள்ளக் காட்டச் சொல்லு, நான் பாக்கோணும்."

தீபிகா சொன்னாள். அக்ரோன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"அப்பறம் தீபிகா," என்றாள் நர்மதா, "அவருக்குக் குளிரு ஆகவே ஆகாது. ஒரு கம்பளி போத்தி..."

வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.