மூன்று மணி டீ

வரவேற்பை மதியம் மூன்று மணிக்கு, டீயும் கேக்குமாக வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் பிரியப்படுவதாகக் கவிநிலா வந்து சொன்னபோது, அவள் அம்மா அஞ்சலாட்சிக்குத் தலைகால் புரியவில்லை. வைத்திக்குப்பத்தில் பிரியாணி அண்டா இறங்காத கல்யாணம் கிடையாது. மதிய டீயெல்லாம் ஒயிட் டவுன் பெரிய வீடுகளில், பிரான்சிலிருந்து பிள்ளைகள் வந்தால் வைப்பது. தன் மகளுக்கும் அப்படி என்றால் சும்மாவா?

அஞ்சலாட்சி இருபது வருஷமாக மீன் விற்பவள். புருஷன் போனபின் அந்தக் கூடைதான் கவிநிலாவை பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தது. பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போன பெண், கூட வேலை செய்த இனியவனை விரும்பினாள். அவன் வில்லியனூருக்கு அப்பால் நெல்லும் கரும்பும் விளையும் ஊர்க்காரன். அவன் வீட்டில் ஒரு வருஷம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் சரியென்றார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் தாலி, ஞாயிற்றுக்கிழமை அஞ்சலாட்சி வீட்டெதிரில் பந்தல் போட்டு வரவேற்பு.

ஒரு குறையும் வைக்கக் கூடாதென்று ஓடினாள். அறுபது பீங்கான் கப்பும் சாசரும் வாடகைக்குப் பேசினாள். டீக்கு ஏலக்காயா இஞ்சியா, சமோசாவுக்கு வெங்காயமா உருளைக்கிழங்கா என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். நாலு நாளில் அவளைக் கண்டாலே சந்து மாறிப் போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவி போன் செய்தாள். "பீங்கான்லாம் எதுக்குங்க, பேப்பர் கப்பே போதும். டீ மாஸ்டர், தண்ணி கேனு எல்லாம் நாங்களே வண்டியில ஏத்திகினு வந்துடறோம். நீங்க செரமப்படாதீங்க."

அஞ்சலாட்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நல்ல மனசுங்க ஒங்களுக்கு" என்று இரண்டு தடவை சொன்னாள்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, லீவு போட்டு வீட்டிலிருந்த மகளிடம் தன் யோசனையைச் சொன்னாள். "ஏங்கண்ணு, சம்மந்தி வூட்டுக்காரங்கள மட்டும் ஒரு மணிக்கே வரச் சொல்லேன். நல்ல வஞ்சிரமா எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன். கை நனைச்சிட்டு அப்புறமா டீ குடிக்கட்டும்."

கை நனைப்பதென்றால் வெறும் சாப்பாடு இல்லை. பெண் வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் உறவு, வைக்காதவரை வந்துபோகிறவர்கள்தான். அஞ்சலாட்சி இந்த ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு வேளைச் சோற்றுக்காகத்தான்.

"வேணாம்மா" என்றாள் கவிநிலா.

"ஏன், ஞாயித்துக்கெழம அவங்க மீனு சாப்புடுவாங்கதான?"

"சாப்புடுவாங்க. நம்ம வூட்ல சாப்புட மாட்டாங்க. அதுக்குத்தாம்மா டீ. நின்னுகினே குடிச்சிட்டுப் போயிடலாம். கை நனைக்க வேணாம்."

பேப்பர் கப், டீ மாஸ்டர் என்று ஒவ்வொன்றாக விளங்கியது. தண்ணீர்கூடவா? தான் கண் கலங்கி நன்றி சொன்னதை நினைக்க அஞ்சலாட்சிக்கு உடம்பு கூசியது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

கவிநிலா தரையைப் பார்த்தாள். "சாப்பாடு போட்டா வர மாட்டோம்னாங்க. டீ வெச்சிக்கலாம்னு நாந்தான் சொன்னேன். வேற வழி தெரியலம்மா."

வேறு யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் அஞ்சலாட்சி தெருவில் நின்று நாறடித்திருப்பாள். குப்பத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. பெற்ற மகளிடம் அந்த வாய் வரவில்லை.

ஒன்றுதான் கேட்டாள். "அங்க போனப்புறம் இங்க வந்தா, நீ சாப்புடுவியா?"

கவிநிலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அஞ்சலாட்சி எழுந்து தட்டை எடுத்தாள். சோறு போட்டுக் காலையில் வைத்த சங்கரா மீன் குழம்பை ஊற்றினாள். மீனைப் பிட்டு முள்ளெடுத்து, சோற்றின் ஓரத்தில் வைத்து மகள் முன்னால் நகர்த்தினாள்.

"இன்னும் பதினோரு நாளு இருக்குது. சாப்புடு."